ரொசாலியா மேல் ஒரு கண் வைத்துப் பாருங்கள்

கேள்வி இது: "1961-இல் வந்த 'டிவோர்ஸ் இட்டாலியன் ஸ்டைல்' என்ற இத்தாலியப் படத்தை மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று என்கிறார்கள். பார்த்தேன். சின்னப் பெண் ஒருத்தி மேல் ஆசை வந்துவிட்டதால் கட்டிய மனைவியைக் கொல்ல வழி தேடுகிறான் ஒருவன். கொன்றும் விடுகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இயக்குநர் அந்த ஆளின் பக்கம்தான் நிற்கிறாரா?"

உங்கள் கோபம் நியாயமானது. படத்தைக் கவனமாகப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கோபம் வரும். ஆனால் அதை இயக்குநர் பியேத்ரோ ஜெர்மி மேல் காட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கதையைச் சொல்லும் குரல் அந்தக் கணவனுடையது, அவ்வளவுதான். அந்தக் குரல் சொல்வது ஒன்று, திரையில் நடப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இந்தப் படத்தின் சிரிப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிவு வரைக்கும் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் கதையை நினைவுபடுத்திவிடுகிறேன். இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் அக்ராமோன்டே என்ற கற்பனை ஊர். அங்கே நொடித்துப்போன பிரபுக் குடும்பத்து வாரிசு பரோன் ஃபெர்டினாண்டோ செஃபலூ. வீட்டில் எல்லோரும் ஃபெஃபே என்று கூப்பிடுவார்கள். மார்ச்செல்லோ மாஸ்த்ரோயானி நடித்த பாத்திரம். பரம்பரை மாளிகையில் பாதி கைமாறி உறவினர் குடும்பத்திடம் போய்விட்டது. மிச்சப் பாதியில் அப்பா, அம்மா, தங்கை, மனைவி ரொசாலியா எல்லோரோடும் வாழ்கிறான். வேலை கிடையாது. தலையில் வழிய வழிய எண்ணெய்ப் பூச்சு, இரவில் முடி கலையாமல் இருக்க வலை, வாயில் சிகரெட் குழல், கண்ணில் சோம்பல். எதிர்ப்பாதி மாளிகையில் இருக்கும் இளம் உறவுக்காரப் பெண் ஆஞ்செலா மேல் அவனுக்கு மோகம். குளியலறை ஜன்னலைத் திறந்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அறை தெரியும். அதற்காகவே போய் நிற்கிறான். ஒரு காலத்தில் ஊரையே ஆண்ட குடும்பத்தின் வாரிசுக்கு மிஞ்சியது அந்த ஒரு ஜன்னல்தான்.

அப்போது இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே இல்லை. பிரிந்து வாழலாம், ஆனால் மறுமணம் முடியாது. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தேவாலய நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க ஒரு வழி இருந்தது. அதற்கான காரணங்கள் மிகக் குறைவு, சாதாரணமாகக் கிடைத்துவிடாது. ஆக, ஒரு கல்யாணம் கசந்துபோனால் அதிலிருந்து வெளியே வரும் கதவு சாவு மட்டும்தான். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அன்றைய சட்டப்படியே அப்படித்தான்.

இன்னொரு பக்கம், முசோலினி ஆட்சியில் 1930-இல் எழுதிய தண்டனைச் சட்டம் அப்படியே நடைமுறையில் இருந்தது. அதில் 587-ஆம் பிரிவு. தகாத உறவில் இருப்பதைக் கண்டுபிடித்த அந்த நேரத்தில், தன் மானத்துக்கும் குடும்ப மானத்துக்கும் வந்த இழுக்கால் ஆத்திரம் கொண்டு, கணவனோ மனைவியோ தன் துணையைக் கொன்றால், அல்லது ஒருவர் தன் மகளையோ சகோதரியையோ கொன்றால், சிறைத்தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரைதான். சாதாரணக் கொலைக்குக் குறைந்தபட்சமே 21 ஆண்டு. திட்டமிட்ட கொலைக்கு ஆயுள் தண்டனை. அந்த வாசகத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மகள், சகோதரி என்று இருக்கிறது. மகன், சகோதரன் என்று இல்லை. வீட்டு மானத்தை யார் உடம்பில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

துரோகம் செய்வதும் குற்றம்தான், ஆனால் மனைவிக்கு ஓர் அளவு, கணவனுக்கு வேறு அளவு. மனைவி ஒரே ஒரு தடவை தவறினாலும் 559-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. கணவன் மேல் குற்றம் வர வேண்டுமென்றால், குடும்ப வீட்டிலேயோ ஊரறிய வேறிடத்திலேயோ இன்னொருத்தியை வைத்திருக்க வேண்டும். படம் வெளிவந்தது 1961 டிசம்பரில். அதற்குச் சில வாரம் முன்னால்தான், அதே ஆண்டு நவம்பரில், இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த 559-ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தச் சூட்டோடு இந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இது எங்கோ நடக்கும் கற்பனைக் கதையாக இருந்திருக்காது.

சரி, இதில் நகைச்சுவை எங்கே வருகிறது? சட்டத்தின் வாசகத்துக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. 587-இன் சலுகை கிடைக்க வேண்டுமென்றால் கொலை திடீர் ஆத்திரத்தில் நடந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துச் செய்தான் என்று தெரிந்தாலே சலுகை போச்சு, ஆயுள் தண்டனை. அதனால் ஃபெஃபே ஒரு திடீர் ஆத்திரத்தை மாதக்கணக்கில் திட்டம் போட்டுத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. மனைவிக்குக் காதலன் வேண்டும்; அவளுக்கோ அப்படி யாரும் இல்லை. ஆகவே அவனே தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். தேவாலய ஓவியங்களைப் பழுது பார்க்கும் கார்மெலோ பட்டானே அவளுடைய பழைய காதலன், போரில் செத்துவிட்டதாக நினைத்திருந்தவன். அவன் உயிரோடு ஊருக்குத் திரும்பியது தெரிந்ததும், மாளிகைச் சுவர் ஓவியங்களைச் சரிசெய்யவென்று அவனை வீட்டுக்கே வரவழைக்கிறான். இருவரையும் தனியாக விட்டுவிட்டு, டேப் ரிக்கார்டரை மறைத்து வைத்து ஒட்டுக் கேட்கிறான். மனைவி தவறுகிறாளா என்று வேவு பார்க்கும் கணவர்களை எத்தனையோ கதையில் பார்த்திருப்போம். இங்கே ஒருவன், அவள் இன்னும் தவறவில்லையே என்று காதைத் தீட்டிக்கொண்டு தவிக்கிறான். காட்சி முழுக்க அவன் முகத்தில் ஏமாற்றம். சிரிப்பு அங்கே வருகிறது.

திரைக்கதையின் மிகப் பெரிய சாமர்த்தியம் என்று நான் நினைப்பது அந்த வக்கீலின் குரல். காதலில் ஏமாற்றிய ஆணைக் கொன்ற மரியான்னினா என்ற பெண்ணின் வழக்கு விசாரணையை ஃபெஃபே ஆரம்பத்தில் போய்ப் பார்க்கிறான். அவளுக்காக வாதாடுகிற டே மார்ட்ஸியின் பேச்சில் மயங்கிப்போகிறான். அன்றிலிருந்து அந்த வக்கீலின் குரல் அவன் தலைக்குள் குடியேறிவிடுகிறது. இன்னும் நடக்காத கொலைக்கு, இன்னும் பதிவாகாத வழக்குக்கு, தனக்காக டே மார்ட்ஸி வாதாடுவது போல அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காட்சியில் அவன் கேவலமான ஒன்றைச் செய்துகொண்டிருப்பான். மேலே அந்தக் குரல் கண்ணீர் மல்க அவனுடைய தியாகத்தையும் பொறுமையையும் விவரித்துக்கொண்டிருக்கும். வாழ்ந்துகொண்டிருக்கும்போதே தன் வாழ்க்கையை நீதிபதிக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறான். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை இந்த ஒரு உத்தியில் இருக்கிறது. இயக்குநர் ஃபெஃபேயின் பக்கம் இருந்திருந்தால் அந்த வக்கீலின் பேச்சை நம்மை நம்ப வைத்திருப்பார். இங்கே அந்தப் பேச்சு ஒலிக்க ஒலிக்க, அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்று நம் கண்ணாலேயே பார்க்க வைக்கிறார்.

அவன் பகல் கனவுகளும் அப்படித்தான். கொதிக்கும் சோப்புக் கொப்பரையில் ரொசாலியாவைப் போட்டுக் கிண்டுவதாக ஒன்று. கடற்கரைப் புதைமணலில் அவள் மெல்ல மூழ்குவதாக ஒன்று. ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்புவதாக இன்னொன்று. அந்த 1961 ஏப்ரலில்தான் யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் வந்திருந்தார். பார்த்த ஜனம் அந்தக் கனவுக்கு எப்படிச் சிரித்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு கனவும் சில நொடிதான். முடிந்ததும் பக்கத்தில் ரொசாலியா ஒன்றும் அறியாமல் அவன் தோளில் சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டிருப்பாள்.

இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ரொசாலியாவாக நடித்தவர் டானியேலா ரோக்கா. அழகிப் போட்டியில் வென்று சினிமாவுக்கு வந்தவர். அவருக்கு உதட்டுக்கு மேல் பூனை மீசை, கூடிப்போன புருவம், காதை அறுக்கும் சிரிப்பு எல்லாம் கொடுத்து ஆளையே மாற்றியிருக்கிறார்கள். ஃபெஃபேயின் கண்ணில் அவள் தாங்க முடியாத தொந்தரவு. எந்நேரமும் ஃபெஃபே, ஃபெஃபே என்று கொஞ்சிக்கொண்டு பின்னாலேயே வருகிறவள். படுக்கையில் அவன் திரும்பிப் படுத்தாலும் விடாமல் என்னைப் பிடிக்குமா, எவ்வளவு பிடிக்கும் என்று கேட்கிறவள். முதல் தடவை பார்க்கும்போது நாமும் அவன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம், அவனோடு சேர்ந்து நமக்கும் எரிச்சல் வருகிறது. நானும் அப்படித்தான் பார்த்தேன்.

இரண்டாவது தடவை பார்த்தபோது அவன் பேச்சைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு ரொசாலியாவைக் கவனித்தேன். படம் தலைகீழாக மாறிவிட்டது. அந்தப் பெரிய வீட்டில் இன்னொரு மனிதரிடம் உண்மையாக அன்பு காட்டுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் தொணதொணப்பு என்று நமக்குத் தோன்றியது, பல வருடமாகப் பதில் கிடைக்காத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. கணவன் தன்னை விட்டு மனதளவில் போய்விட்டான் என்று அவள் உடம்புக்குத் தெரிகிறது. மூளை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. முறிந்துகொண்டிருக்கும் தாம்பத்தியத்தில் இருக்கிற யாரும் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒருவர் விலக விலக மற்றவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடிப்பதே விலகுவதற்குக் காரணம் என்று பிறகு பழி வரும். ஜெர்மி இதை ஒரு வசனத்தில்கூட விளக்கவில்லை. படுக்கையில் இரண்டு முகங்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதோடு விட்டுவிடுகிறார்.

கார்மெலோ வந்த பிறகு அவளிடம் நடக்கும் மாற்றத்தையும் பாருங்கள். அவன் அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறான். அவ்வளவுதான் அவன் செய்வது. அதற்கே அவள் முகம் தெளிகிறது. ஊரும் சட்டமும் துரோகி என்று பெயர் வைக்கப்போவது இவளுக்கு. ஜன்னல் வழியாகச் சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு, தோட்டத்தில் ஒளிந்து அவளைச் சந்தித்துக்கொண்டு, அதை மறைக்க மனைவியை இன்னொருவன் கையில் தள்ளிவிட்டவனுக்கு ஊர் வைக்கப்போகும் பெயர் மானஸ்தன். இந்தப் படத்தில் துரோகம் எப்போது தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், ரொசாலியா ஓடிப்போன இரவைச் சொல்ல மாட்டேன். அந்த ஜன்னலைச் சொல்வேன்.

ஓடிப்போகும் இரவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு 'லா டோல்சே வீட்டா' படம் வருகிறது. உண்மையிலேயே 1960-இல் வந்து இத்தாலியில் பெரிய கூச்சலைக் கிளப்பிய படம் அது, ஃபெடரிகோ ஃபெல்லினி இயக்கியது. பாதிரியார் பிரசங்க மேடையிலேயே நின்று அதைக் கண்டிக்கிறார், யாரும் போகக் கூடாது என்கிறார். ஊரே திரண்டு போகிறது. ரொசாலியா மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறாள். ஃபெஃபேக்கு இது அவன் காத்திருந்த இரவு. அரங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நழுவி வந்து கையும் களவுமாகப் பிடிப்பது திட்டம். அந்த அரங்கக் காட்சியில் கேமரா பார்க்கிறவர்கள் முகத்திலேயே நிற்கும். ஆண்கள் வாயைப் பிளந்து திரையையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்க்கும் படத்தின் நாயகனும் மாஸ்த்ரோயானிதான். அந்தப் படத்தில் பெண்கள் சுற்றி வரும் நகரத்து ஆணழகன். இங்கே அதே முகம் எண்ணெய் வழியும் தலையோடு கீழே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடிகர் தன் பிம்பத்தைத் தானே கலைத்துப் போடுவதை இவ்வளவு துணிச்சலாகச் செய்த காட்சிகள் குறைவு. அப்புறம் அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பறவைகள் பறந்துவிட்டன. ஆத்திரம் தயார், துப்பாக்கி தயார், சுடுவதற்கு ஆள் இல்லை.

இங்கிருந்து படம் ஊரைப் பற்றியதாகிவிடுகிறது. இத்தாலிய மொழியில் மனைவி வேறொருவனோடு போய்விட்டால் கணவனைக் கொம்பு முளைத்தவன் என்பார்கள். ஃபெஃபே வேண்டுமென்றே அந்தக் கொம்பைச் சுமந்துகொண்டு படுக்கையில் விழுகிறான். பெயரில்லாத கடிதங்கள் வருகின்றன. தங்கையின் கல்யாண ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. குடும்பமே தலை குனிகிறது. அவன் ஒவ்வொரு அவமானத்தையும் எண்ணி எண்ணிச் சேர்த்து வைக்கிறான், ஏனென்றால் ஒவ்வொன்றும் நாளைக்கு வக்கீலுக்கு உதவும் சாட்சி. ஊர் அவனைக் கொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டும். அதற்காகவே அவமானத்தை வளர்க்கிறான்.

இந்த இடத்தில் ஜெர்மி யாரையும் விட்டுவைக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டம் ஒன்று நடக்கிறது. வடக்கிலிருந்து வந்த தோழர், பெண் விடுதலையைப் பற்றி நிதானமாகப் பேசிவிட்டு, ரொசாலியாவைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று கேட்கிறார். கூடியிருந்த ஆண்கள் ஒரே குரலில் கத்துவது ஒரு கெட்ட வார்த்தை. பாதிரியாரின் கூட்டம், கட்சிக் கூட்டம், சாராயக் கடைக் கூட்டம் எல்லாவற்றிலும் ஒரே தீர்ப்பு. ஜெர்மி ஜெனோவாக்காரர், வடக்கத்தியர். தெற்கைக் கேலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்று அவர் மேல் குறை சொல்கிறவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 587-ஆம் பிரிவை எழுதியது சிசிலி கிராமம் இல்லை, ரோமில் இருந்த அரசு. சிசிலி அந்தச் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும்படி உரக்கப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். படத்தின் தலைப்பிலும் சிசிலி இல்லை, இத்தாலிதான் இருக்கிறது.

அப்புறம் இம்மக்கோலாட்டா. கார்மெலோவின் மனைவி, பிள்ளைகளோடு கைவிடப்பட்டவள். படத்தில் அவளுக்கு அதிக நேரம் கிடையாது, ஆனால் வருகிற இரண்டு இடத்தையும் மறக்க முடியாது. ஆஞ்செலாவின் அப்பா இறந்து இறுதி ஊர்வலம் போகிறது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவள் நேராக ஃபெஃபேயிடம் வந்து முகத்தில் துப்புகிறாள். நீ எல்லாம் ஆணா, இன்னும் எதற்காகக் காத்திருக்கிறாய் என்பதுதான் அந்தத் துப்பலின் பொருள். ஃபெஃபேக்கு அது பரிசு; அவன் தேடிக்கொண்டிருந்த கடைசிச் சாட்சி. இரண்டாவது தடவை, ஓடிப்போன இருவரும் ஒளிந்திருக்கும் இடத்துக்கு ஃபெஃபே துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது, அவள் முந்திக்கொண்டு கணவனைச் சுட்டு முடித்திருக்கிறாள். அவளுடைய ஆத்திரம் உண்மையான ஆத்திரம், யாரும் எழுதிக் கொடுக்காதது. அதற்குப் பக்கத்தில் நிற்கும்போது ஃபெஃபேயின் நாடகம் எவ்வளவு அற்பமானது என்று தெரிகிறது. ஒரு கைவிடப்பட்ட பெண்ணின் துக்கத்தையும் அவன் தன் திட்டத்துக்கு எரிபொருளாக்கிக்கொள்கிறான். ரொசாலியாவின் கொலையை ஜெர்மி நமக்கு ரசிக்கக் காட்டவில்லை. கனவில் அத்தனை விதமாக விரிவாகக் காட்டியவர், நிஜம் வரும்போது சட்டென்று கடந்துவிடுகிறார். நான் சிரிக்காத இடம் அது. சிரிக்கக் கூடாத இடம் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மாஸ்த்ரோயானியின் நடிப்பில் ஒரு சின்ன விஷயம். வாயின் ஓரத்தை உள்ளுக்குள் இழுத்து, பல்லில் ஏதோ சிக்கியது போல ஒரு சத்தம் செய்வார். படம் முழுக்க விட்டு விட்டு வரும். வக்கீல் குரல் எவ்வளவு உயர்ந்த வார்த்தை பேசினாலும் அந்தச் சின்னச் சத்தம் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் அற்பத்தனத்துக்கு ஓர் உடல் அடையாளம். அதை மட்டும் கவனித்துக்கொண்டே ஒரு முறை படத்தைப் பார்க்கலாம்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. ரொசாலியாவைக் கோமாளியாக்க மீசை வரைந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஃபெஃபே அவளை அப்படிப் பார்க்கிறான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவன் பார்வைக்கும் கேமராவின் பார்வைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் இடங்கள் உண்டு. ஒரு பெண் அழகாக இல்லை என்பதைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் பழைய வழக்கத்திலிருந்து ஜெர்மி முழுசாக வெளியே வரவில்லை. இன்னொன்று ஆஞ்செலா. நடித்த ஸ்டெஃபானியா சாண்ட்ரெல்லிக்குப் படம் வெளிவந்தபோது 15 வயதுதான். அவரைக் கேமரா நின்று ரசிக்கும் சில காட்சிகள் இன்று பார்க்கச் சங்கடமானவை. நீங்கள் கேள்வியில் சின்னப் பெண் என்று குறிப்பிட்டது சரியான கவனிப்பு. ஆனால் ஆஞ்செலாவுக்கும் ஒரு கதை உண்டு. நாட்குறிப்பில் ஏதோ எழுதியதைப் பார்த்துவிட்டு, மகளின் கன்னித்தன்மையைச் சோதிக்க மருத்துவச்சியைக் கூட்டிவரும் அப்பாவின் வீடு அது. சகோதரி, மகள் என்று 587-இல் வரும் சொற்களுக்கு முகம் கொடுத்தால் இவள்தான்.

இந்தக் கதையை ஜெர்மி முதலில் நகைச்சுவையாக எடுக்க நினைக்கவில்லை. மானக் கொலையைப் பற்றிய ஜியோவன்னி ஆர்ப்பினோவின் நாவலை அடிப்படையாக வைத்து, தீவிரமான படமாகத்தான் தொடங்கினார். அவர் அதுவரை எடுத்திருந்தவற்றில் பெரும்பாலானவையும் கனமான படங்கள்தான். திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது, சட்டத்தின் அபத்தமே கதையை வேறு பக்கம் இழுத்துவிட்டது. என்னோ டே கொன்சினி, ஆல்ஃப்ரெடோ ஜியான்னெட்டி இருவரோடும் சேர்ந்து எழுதிய அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஜெர்மியும் மாஸ்த்ரோயானியும் தனித்தனியே பரிந்துரைப் பட்டியலில் இருந்தார்கள். திருப்பம் சரியான திருப்பம் என்பேன். தீவிரப் படமாக எடுத்திருந்தால் நாம் ஃபெஃபேயைக் கொலைகாரன் என்று ஒதுக்கிவிட்டு, நாம் வேறு அவன் வேறு என்ற நிம்மதியோடு எழுந்து போயிருப்போம். சிரிக்க வைத்ததால் அவனோடு கூட்டாளியாகிவிட்டோம். உங்களுக்கு வந்த கோபத்தில் ஒரு பங்கு, உங்களைச் சிரிக்க வைத்துவிட்டானே என்ற கோபமாகக்கூட இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதே காலத்து ஹாலிவுட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தூரம் போன படம் என்று தெரியும். அங்கே தணிக்கை விதிகள் திருமணத்தை மீறிய உறவை நியாயப்படுத்தவோ கவர்ச்சியாகக் காட்டவோ விடவில்லை. பில்லி வைல்டரின் 1955 படமான 'தி செவன் இயர் இட்ச்' துரோகத்தைப் பற்றிய நகைச்சுவைதான், ஆனால் துரோகம் நடக்கவே நடக்காது, கணவனின் கற்பனையோடு நின்றுவிடும். லியோ மெக்கேரியின் 'தி ஆஃபுல் ட்ரூத்' 1937-இல் வந்தது. விவாகரத்துத் தீர்ப்பு முழுமையாக அமலுக்கு வருவதற்குள் கணவனும் மனைவியும் திரும்பவும் காதலிக்கத் தொடங்கிவிடுவார்கள். அழகான படம், எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே விவாகரத்து என்ற கதவு இருந்தது, அதனால் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று மனம் மாறித் திரும்பி வரவும் முடிந்தது. ஃபெஃபேக்கும் ரொசாலியாவுக்கும் கதவே இல்லை. கதவில்லாத வீட்டில் மனம் மாறுவதற்கும் வழி கிடையாது.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மனைவியின் துரோகத்தைத் தண்டிக்கும் 559-ஐ 1968-லும் 1969-லும் வந்த தீர்ப்புகளில் அரசியல் சாசன நீதிமன்றமே நீக்கியது. 1970 டிசம்பரில் விவாகரத்துச் சட்டம் வந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று 1974 மே மாதம் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். 59 சதவீதத்துக்கும் மேல் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். 587-ஆம் பிரிவு போனது 1981-இல், படம் வந்து இருபது வருடம் கழித்து. படம்தான் சட்டத்தை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். பல வருடம் போராடிய பெண்களின் உழைப்பு அது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஃபெஃபேயின் எண்ணெய்த் தலையைக் கொடுத்தது இந்தப் படம். மானம் என்ற சொல்லை நீதிமன்றத்தில் கேட்டவர்களுக்கு அந்த வாய்ச் சத்தமும் சேர்ந்து ஞாபகம் வந்திருக்கும். அந்தக் காலத்து இத்தாலிய நகைச்சுவைப் படங்களுக்கு வந்த 'இத்தாலிய பாணி நகைச்சுவை' என்ற பொதுப் பெயரும் இந்தப் படத்தின் தலைப்பிலிருந்து வந்ததுதான்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். குறைந்த தண்டனையோடு வெளியே வந்த ஃபெஃபே ஆஞ்செலாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கடலில் படகு. வெயில். அவன் கனவு கண்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. குனிந்து அவளுக்கு முத்தம் கொடுக்கிறான். கேமரா மெல்ல அவள் உடம்பின் மேல் நகர்ந்து கால் வரைக்கும் போகிறது. அவள் பாதம், படகை ஓட்டும் இளைஞனின் பாதத்தை வருடிக்கொண்டிருக்கிறது. பலர் இதைக் கெட்டவனுக்குக் கிடைத்த தண்டனை என்று ரசிக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் ஆஞ்செலாவை நினைத்துப் பயம் வருகிறது. அந்தப் படகு மிதக்கும் கடலும் 587-ஆம் பிரிவு செல்லுபடியாகும் நாட்டின் கடல்தான். அவள் இப்போது அவன் மனைவி. அவனுக்கு வழி தெரியும், வக்கீலையும் தெரியும்.

இன்னொரு தடவை பார்க்க மனசு வந்தால், ஃபெஃபே பேசும்போதெல்லாம் அவனைப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிறவளைப் பாருங்கள். படுக்கைக் காட்சியிலிருந்தே தொடங்கலாம். எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.